குளத்துக்கு அடியில் ஒரு தடம்

முதலில் காற்றுத்தான் வந்தது.

குளத்தின் மேற்குக் கரையோரம், ஆள் குனிந்து நுழையலாம் என்கிற அளவில், ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரப் புதைத்த குழாயின் வாய். அதைச் சுற்றி ஊரே வெயிலில் நின்றுகொண்டிருந்தது. குழாய் ஒரு தடவை இருமியது. கொஞ்சம் தூசி பறந்தது. மறுபடி அமைதி.

“ஏனுங்க, இத்தன வருசம் கேட்டதுக்கு வெறுங்காத்த உட்டுப்போட்டுப் போயிருவாங்களாட்ட இருக்குது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தோம். உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் சிரித்தோம்.

பிறகு குழாய்க்குள் வெகுதூரத்தில் ஏதோ உருண்டு வருவது கேட்டது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வெளியே எட்டிப் பார்த்து, முதல்முறை வீட்டுக்கு வரும் விருந்தாளியைப் போல வாசலிலேயே தயங்கி நின்றது. அதற்குப் பின்னால் வந்தது தயங்கவில்லை.

எங்கள் ஊர் சோமனூருக்கும் சூலூருக்கும் நடுவில் இருக்கிறது. விசைத்தறிச் சத்தத்தில்தான் பிறந்தோம், அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறோம். அன்று எல்லாப் பட்டறைகளிலும் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அந்த அமைதியில், காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் குமிழாக, அடுப்பில் சோறு கொதிப்பது போல. அந்த வயதுவரை நான் கேட்டிராத சத்தம் அது.

யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினோம். பெண்கள் பூவைத் தூவினார்கள். ஆளாளுக்கு ஒரு கை அள்ளிக் குடித்தார்கள். “புதுக் குழாய்ங்க, குடிக்காதீங்க!” என்று கரைமேல் நின்று இன்ஜினியர் கத்தினார். யார் கேட்டார்கள்? நானும் குடித்தேன். இரும்பும் சேறுமாக ஒரு ருசி. இன்னும் நாக்கில் இருக்கிறது.

என் பக்கத்தில் நாச்சிமுத்து நின்றிருந்தார். அவரும் இரண்டு கையாலும் அள்ளினார். உள்ளங்கையில் நிற்பதை வெகுநேரம் பார்த்தார். உதடுவரை கொண்டுபோனார். பிறகு அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டார்.

அவர் ஏன் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நாச்சிமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறவர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். குழந்தைக்கு மருந்து கொடுப்பது போல, சட்டைப் பையில் இருக்கும் சின்ன பாட்டிலின் மூடியில் ஊற்றி ஊற்றித் தொண்டையை நனைத்துக்கொள்வார்.

தலையிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ளாமல் எதிரே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கரை என்றொரு ஊர்

குளம் என்று பெயரே தவிர, நான் அறிய அது குளமாக இருந்ததில்லை. எங்களுக்கு அது மைதானம். நான் சைக்கிள் பழகியது குளத்துக்குள். என் மகன் கார் பழகியதும் குளத்துக்குள். கல்யாணம் என்றால் சொந்தபந்தம், ஒறம்பரை வரும் வண்டிகளை அங்கேதான் நிறுத்துவார்கள். நடுவில் வாலிபால் கம்பம் இரண்டு. கொஞ்சம் தள்ளி ஒரு மேடு. மேட்டில் ஒற்றைப் பனைமரம். அதன் அடியில் கன்னிமார் கல் ஏழு.

எதிர்க்கரையில் இருந்த குடியிருப்புக்கு அக்கரைக் காலனி என்று பேர். தண்ணீரே இல்லாத இடத்துக்கு அக்கரை ஏது, இக்கரை ஏது என்று யாரும் யோசித்ததில்லை. காலனிக்காரர்கள் குளத்தின் குறுக்கே நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருந்தது. மண்ணில் வகிடு எடுத்தது போல வெள்ளையாக, வாலிபால் கம்பத்தை ஒட்டி, கன்னிமார் மேட்டைச் சுற்றி, எங்கள் பஸ் நிறுத்தத்தில் வந்து ஏறும்.

என் அப்பா மட்டும், சின்ன வயதில் இந்தக் குளத்தில் நீச்சல் அடித்ததாகச் சொல்லுவார். தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கரையில் ஒரு கல்லைக்கூடக் காட்டுவார். அவருக்கு வாலிபாலில் தோற்றால் ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்கிற வழக்கம் உண்டு. ஆகவே நான் நம்பவில்லை. இந்த முறை தண்ணீர் ஏறி, சரியாக அந்தக் கல்லில் வந்து நின்றது. அப்பா அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார். அன்றைக்கு மனசு அவரை ரொம்பத் தேடியது.

தண்ணீருக்காக நாங்கள் செய்யாத காரியமில்லை. உண்ணாவிரதம் இருந்தோம். மறியல் செய்தோம். ஓட்டுக் கேட்டு வந்தவர்களையெல்லாம் குளத்துக்குள் இறக்கி நடக்க வைத்தோம். எந்தத் தடத்தில் நடக்க வைத்தோமோ அந்தத் தடம் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு ஆள்கூட, ஒரே ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. காலனிக்காரர்களும் யோசிக்கவில்லை. மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு தலைமுறைக்கு மேல் காய்ந்து கிடந்த ஊருக்குத் தண்ணீர் என்பது ஒரு ஆசை. ஆசைக்கு நீளமும் அகலமும் உண்டு, அது இடத்தை அடைக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மெம்பர் வீட்டுக்காரர்

போன வாரம் இதே பத்தியில் எங்கள் தறிப்பட்டறையை விற்ற கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மனைவி வளர்மதி, “வித்ததெல்லாம் எழுதறீங். நா மெம்பரான கதைய எப்ப எழுதுவீங்?” என்று கேட்டாள். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சோறு வேண்டுமே.

எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனபோது, “மச்சான், தங்கச்சிய நிக்க வெய்யுங்க, நீங்க பாத்துக்குங்க” என்றார்கள். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். பெயர் மனைவிக்கு, நாற்காலி கணவனுக்கு. வளர்மதியும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். ஜெயித்தாள். முதல் ஊராட்சிக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியும், பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். நான் உட்காரப் போனேன். அவள் தன் கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்துவிட்டு, “ஏனுங், நீங்க வெளிய டீ குடிச்சுட்டு இருங்க, வாரேன்” என்றாள்.

அன்றிலிருந்து ஐந்து வருடம் நான் டீ குடித்தேன். நன்றாகவே இருந்தது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் வண்டிச் சாவியையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஊரே அவளை ஸ்கூட்டியிலும், என்னைப் பின்சீட்டிலும் பார்த்துப் பழகிவிட்டது.

நனைந்த தடம்

தண்ணீர் அவசரப்படவில்லை. பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி நிரப்பிக்கொண்டு வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் நேற்று நின்ற இடம் இருக்காது. கன்னிமார் மேடு ஒரு தீவாக ஆனது. வாலிபால் கம்பத்தின் அடி நனைந்தது. எங்கிருந்தோ ஒரு நீர்க்காகம் வந்து கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது என்ன பறவை என்றே தெரியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் எத்தனையோ காலைகளை அந்தக் கரையில் தொலைத்தேன். வீட்டுக்குத் திரும்பினால் ஏன் போனோம் என்பதே மறந்திருக்கும்.

நாச்சிமுத்துவின் தடம் மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

அவர் முன்பு எங்கள் பட்டறையில் தறி ஓட்டியவர். அவர் மனைவி இப்போதும் தறிக்குப் போகிறார். மில் ரோடு வழியாகச் சுற்றி வந்தால் பஸ் நிறுத்தம் வெகுதூரம். லாரி போகிற ரோடு, நிழலே கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ என்றால் கட்டுப்படியாகாது. குளத்துத் தடத்தில் மெதுவாக நடந்து, கன்னிமார் மேட்டில் கொஞ்சம் உட்கார்ந்து, மீதியை நடந்து பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது உடம்பில் ஒன்றும் இருக்காது. அந்த மேட்டில்தான் படுத்து எழுந்து போவார். அந்தத் தடம் போனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவது நிற்கும். ஆஸ்பத்திரி நின்றால் எத்தனை நாள் தாங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கெண்டைக்கால் தண்ணீரில் நடந்து கரையேறியதை வளர்மதி பார்த்தாள். அங்கேயே போனை எடுத்தாள்.

“ஆருக்குங்க அக்கா போன்?” என்றார் நாச்சிமுத்து.

“இன்ஜினியருக்கு. கரையில ரோடு போடற வரைக்கும் வால்வ அடைக்கச் சொல்றேன்.”

“வேண்டாமுங்க.”

“ஏனுங்க வேண்டாம்?”

“வாராத தண்ணி வந்திருக்குது. ஒருத்தனுக்காக நிறுத்தச் சொன்னாங்கன்னு ஊரு பேசும். எம்பேரு அப்புடியா நிக்கோணும்?”

“பேரு நிக்கறது இருக்கட்டுமுங்க. மொதல்ல நீங்க நிக்கோணும்!” என்று வளர்மதி சீறினாள். அவளுக்கு மூக்கு நுனி சிவந்தால் நான் இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன்.

நாச்சிமுத்து கையைக் கூப்பிவிட்டு, நனைந்த காலோடு பஸ் ஏறிப் போனார். வளர்மதி போனைக் கையில் வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தாள். வால்வை அடை என்று சொன்ன மெம்பரை ஊர் ஆயுசுக்கும் மன்னிக்காது. அதற்கு அவள் பயந்தவளில்லை. ஆனால் அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். போனைப் பைக்குள் போட்டாள்.

துண்டு

அடுத்த தடவையிலிருந்து ஸ்கூட்டியின் பின்சீட்டில் எனக்கு இடமில்லை. காலையில் காலனிக்குப் போய் நாச்சிமுத்துவை ஏற்றி பஸ்ஸில் விடுவாள். பொழுதோட, சாயங்கால பஸ் வரும் நேரத்துக்கு நிறுத்தத்தில் போய் நிற்பாள்.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நிற்கவே முடியாமல் ஆடினார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒருபக்கமாகச் சாய்ந்தார். வளர்மதி இறங்கி அவரைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். முன்னால் உட்கார்ந்துகொண்டு, துண்டை அவர் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து தன் வயிற்றில் முடிச்சுப் போட்டாள். குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வது போல. டீக்கடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

எங்கள் ஊர் டீக்கடைக்கு வாய் நீளம். எதற்கும் ஒரு நாயம், ஒரு பேச்சு வைத்திருக்கும். அன்று ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து ஒருவர், “கரைமேல ஒரு ஜேசிபி உட்டா முள்ளச் சுத்தமா எடுத்துப்போடலாமுங்களே?” என்றார். இன்னொருவர் தன்னிடம் ஜேசிபி இருப்பதாகச் சொன்னார்.

அப்படித்தான் கரை ரோடு ஆரம்பமானது. சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்த கரையை வாரக் கடைசியில் வழித்து எடுத்தார்கள். பட்டறைக்காரர்கள் கிராவல் கொண்டுவந்து கொட்டினார்கள். பஸ்ஸைக் கரை ரோட்டில் காலனிவரை விடச் சொல்லி வளர்மதி டிப்போவுக்கு நடையாய் நடந்தாள். அங்கே கடைசியில் சொன்னது ஒன்றுதான்: காலனியில் வண்டி திரும்ப இடம் காட்டுங்கள், விடுகிறோம்.

அங்கேதான் சிக்கல்.

கம்பக்குழி

காலனியில் பஸ் திரும்புகிற அளவு இடம் ஒன்றே ஒன்று, மாரியம்மன் கோயில் முன்வாசல். அதன் நட்ட நடுவில் கம்பக்குழி. எங்கள் பக்கத்தில் நோம்பி என்று சொல்லும் மாரியம்மன் திருவிழா தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: நோம்பி சாட்டியதும் மூன்று கிளை பிரிந்த மரம் ஒன்றை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவோம். அதுதான் கம்பம். அது அம்மனின் கணவன் என்று ஐதீகம். பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். நோம்பி முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் குழியைச் சுற்றி இடுப்பளவு மேடை கட்டியிருந்தார்கள். மேடை இருக்கும்வரை பஸ் திரும்பாது.

மேடையை ஓரமாக மாற்றலாமா என்று கேட்டதும் பூசாரி முகம் மாறியது. அவர் கெட்டவர் அல்ல. அவரே பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்தான்.

“எனக்கென்னுங்க, நாளைக்கே இடிச்சுப்போடலாம். ஆத்தா உத்தரவு தரோணுமுல்ல? பூவாக்குக் கேட்டுத்தான் செய்யோணும்.”

அம்மன் தலையில் இரண்டு பக்கமும் பூவை வைத்துவிட்டு ஊர் காத்திருக்கும். வலது பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம். இடது பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம். வேண்டாம் என்று விழுந்துவிட்டால், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. பெண் கொடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை இங்கே அப்படித்தான்.

அன்று வீட்டில் வளர்மதி சாப்பிடவில்லை. “இடது பக்கம் உழுந்துட்டா?” என்றாள் ஒரு தடவை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நாச்சிமுத்துவின் உயிர் ஒரு பூவின் காம்பில் தொங்கியது.

விடிந்ததும் அவள் முகம் தெளிந்திருந்தது. குளித்துவிட்டு நேராகப் பூசாரியிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“சாமி, பஸ்ஸு வரலாமா வேண்டாமான்னு ஆத்தாகிட்டக் கேக்கப் போறீங்களா?”

“ஆமாங்க அம்மணி.”

“புள்ளைக ஆசுபத்திரிக்குப் போலாமான்னு பெத்தவகிட்ட ஆராச்சும் கேப்பாங்களா? போன்னுதான் சொல்லுவா. அத எதுக்குக் கேட்டு அவள வருத்தோணும்? அவ வீட்டுக்காரர எந்தப் பக்கம் உக்கார வெக்கறதுன்னு வேண்ணாக் கேளுங்க. அது அவ சொல்ல வேண்டியது. வலது பூ உழுந்தா வலது பக்கம், இடது பூ உழுந்தா இடது பக்கம்.”

பூசாரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பனைமரத்தைப் பார்த்தேன்.

“கேக்க வேண்டிய மொறைலதான் சொல்றீங்க,” என்றார்.

பூ விழுந்த பக்கம்

செவ்வாய்க்கிழமை காலையில் பூவாக்கு. காலனி முழுக்க வந்திருந்தது. எங்கள் கரையிலிருந்தும் நிறையப் பேர். நாச்சிமுத்து கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாட்டில் சட்டைப் பையில். அம்மன் தலையில் இருபக்கமும் செவ்வரளி வைத்தார்கள். கேள்வியைப் பூசாரி உரக்கச் சொன்னார். பிறகு பூவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கற்பூரப் புகை. குளத்திலிருந்து வந்த காற்று. எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன் அந்தக் கோயிலுக்குள் அப்படியொரு காற்று வந்திருக்காது. வளர்மதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எந்தப் பூ விழுந்தாலும் பஸ் வரும் என்று ஏற்பாடு செய்தவளே அவள்தான். அவள் உதடு ஏன் நடுங்கியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இடது பூ விழுந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி கடப்பாரையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேடையின் முதல் செங்கல்லைத் தன் கையாலேயே பெயர்த்தார். இடது பக்கம், வேப்பமர நிழலில், புதுக் குழி எடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் வளர்மதி சொன்னாள்: “பாத்தீங்ளா? பழைய மாதிரி கேட்டிருந்தா வேண்டாம்னு ஆயிருக்கும்.” கொஞ்சதூரம் போன பிறகு, “ஆத்தாளுந்தான் சிரிச்சிருப்பா,” என்றாள். அப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள்.

ஜன்னலோரம்

பஸ் வந்த முதல் நாள் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து அனுப்பிய அமளியில் எனக்கு ஏற இடம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு பொழுதோட, கோயமுத்தூரிலிருந்து திரும்பும்போது அதே பஸ்ஸில் நாச்சிமுத்து இருந்தார். ஆஸ்பத்திரி முடித்து வருகிறார். முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் ஜன்னலோரத்து இடத்தை விட்டு எழப்போனார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பஸ் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிக் கரைமேல் ஏறியது. நான் இறங்கவில்லை. டிரைவர் கியரைக் குறைத்தார். ஜன்னலுக்குக் கீழே, எட்டினால் தொடலாம் போல, தண்ணீர். அந்திவெயிலில் அது செம்பு நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது. பனைமரம் தலைகீழாக நின்றது. வாலிபால் கம்பத்தின் நுனியில் நீர்க்காகம். அந்தக் கம்பத்தை ஒட்டித்தான் எங்கோ அடியில் தடம் கிடக்கிறது. இத்தனை பேர் நடந்த மண், மீன்களுக்குக் கீழே, யாரும் மிதிக்காமல்.

வெக்கையில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. அவசரமாக மூடிப் பைக்குள் திணித்தேன்.

நாச்சிமுத்து பார்த்துவிட்டார். சிரித்தார்.

“குடிங்கண்ணா. எனக்குக் குடிக்கறதுக்குத்தான் அளவு. பாக்கறதுக்கு டாக்டரு அளவு சொல்லலீங்களே.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலனி வந்து சேரும்வரை திரும்பவே இல்லை. பஸ் வேப்பமரத்தடிக் கம்பக்குழியை விட்டு ஒதுங்கி, சாவகாசமாகத் திரும்பி நின்றது. நான் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.